டயரில் பூ இருந்தது

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு காடிக்கு, அதாவது காருக்கு, வருகிறேன்.

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு சரி. பன்னிரண்டு வயதில் ஒட்டுப்பால் பொறுக்கினேன். பதினாறில் லோரிக்குப் பின்னால் ஏறினேன். இருபத்திரண்டில் முன்னால் உட்கார்ந்து ஓட்டினேன். முப்பதில் சொந்தமாக ஒன்று வாங்கினேன், அது மூன்றாயிற்று. சுங்கை பெசாரிலிருந்து சபாக் வரைக்கும் என் லோரி நுழையாத செம்பனைத் தோட்டம் கிடையாது. ஈர மண்ணில் கல்வீடு நிற்காது என்றார்கள், முப்பது வருடமாக நிற்கிறது. ஒரே மகளைப் பட்டதாரியாக்கினேன். முனீஸ்வரன் கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி, ஒருநாள் என் அப்பாவிடம், "ஒன் மவன் லோரிக்கு அடியிலதான் கெடந்து சாவான்" என்றார். லோரிக்கு அடியில் கிடந்துதான் நான் பிழைத்தேன். அவருடைய பேரன் பின்னாளில் என்னிடம் சம்பளத்துக்கு ஓட்டினான்.

இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் போன மாதம் நடந்ததை நானே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பக்கத்தில் இடம் கிடைக்காமல் கோல சிலாங்கூரில் கிடைத்தது. எங்கள் வீடு சுங்கை பெசாருக்கு வெளியே. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் நான்கு மணி நேரம் இயந்திரத்தில். இத்தனை நாளும் என் பழைய வேனில்தான் கூட்டிப்போனேன். போன மழைக்காலத்தில் தஞ்சோங் காராங்கைத் தாண்டும்போது அது கொதித்து நின்றது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய முறை முடிந்துவிட்டது. மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு வேனின் சாவியை நான் தொடவில்லை, வாடகைக் காரில்தான் போய்வந்தோம்.

அப்போதுதான் மாப்பிள்ளை எஸ்.யூ.வி. வாங்குவோம் என்றார். மகளும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவருக்கு அலுவலக வேலை, கணினியில். நல்ல மனிதர், ஆனால் எதையும் கைபேசியில் பார்த்துவிட்டால் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி நினைப்பு. உயரமான வண்டி, அத்தைக்கு ஏறி இறங்கச் சுலபம், இடுப்பு வலிக்காது என்று அவர் சொன்னது சரிதான். கிள்ளானில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் பார்த்து வாங்கினார். எட்டு வயது வண்டி, கறுப்பு. ஒரே ஆள் வைத்திருந்தது, அதிகம் ஓடாதது. சனிக்கிழமை மாலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பளபளவென்று இருந்தது. டயர்கூடப் புதுச் செருப்பு மாதிரி மின்னியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளை அதில் ஏற்ற வேண்டும். நடுவில் இரண்டே நாள். எனக்கு உட்கார முடியவில்லை.

நான்கு முறை வண்டியைச் சுற்றி வந்தேன். எஞ்சின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எண்ணெய்க் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து முகர்ந்தேன். கருகிய வாசம். ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டும், தேநீர் மாதிரி இருந்தது. மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அட்டையை விரித்து அடியில் படுத்தேன். அறுபத்தொன்பது வயதில் அடியில் போவது கஷ்டமில்லை. வெளியே வருவதுதான்.

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. கைபேசியில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். முன்னால் பெரிய திரை, பின்னால் கேமரா, கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டு, இருக்கைக்குத் தோல் உறை, எஞ்சின் எண்ணெய், குளிர்சாதன வடிகட்டி. எஞ்சின் எண்ணெய் ஐந்தாவது. கையில் மிச்சமிருந்தது இந்தப் பட்டியலில் பாதிக்குத்தான் வரும் என்பது இருவருக்கும் தெரியும். திரைக்காரனிடம் திங்கள் மத்தியானத்துக்கு முன்பதிவும் செய்துவிட்டார்.

எனக்கும் ஒரு பட்டியல் உண்டு. எழுதி வைக்கத் தேவையில்லாதது. வண்டி முதலில் நிற்க வேண்டும். அப்புறம் சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். அப்புறம் சூடேறக் கூடாது. இந்த மூன்றுக்கும் பிறகுதான் ஓடுவது. அழகு கடைசி. நாற்பது வருடம் மூன்று லோரியை இந்த வரிசையில் வைத்துத்தான் ஓட்டினேன், ஒரு உயிர்கூடப் போகவில்லை.

சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மாமா, இது லோரி இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர். ஏதாச்சும் கொறன்னா முன்னாலயே லைட் எரிஞ்சு காட்டிக் குடுத்துரும்."

"லைட்டு பிரேக் புடிக்குமா, மாப்பிள?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஞாயிறு காலை போர்மனிடம் கொண்டுபோகச் சம்மதித்தார்.

எங்கள் பக்கத்தில் வண்டி பழுது பார்ப்பவரை போர்மன் என்றுதான் சொல்வோம். என்னுடைய போர்மன் சீனர், என் வயது. தோட்டத்துப் பக்கமே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். என் லோரி மூன்றையும் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, எனக்காகப் பாதிக் கதவைத் திறந்தார். இந்த மரியாதையையும் நான் சும்மா வாங்கவில்லை.

வண்டியைத் தூக்கிப் பார்த்தார். முன் பிரேக் கட்டைகள் துருவேறிப் பிளந்திருந்தன. பிரேக் எண்ணெய் கறுப்பு. ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் உப்பிப்போய், அமுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும் பதம். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். டைமிங் பெல்ட் பற்றிக் கேட்டேன். இதில் அதற்குப் பதில் சங்கிலி, பயம் வேண்டாம் என்றார் போர்மன். கியர்பெட்டி எண்ணெய் பழசு, ஆனால் ஒரு மாதம் தாங்கும். கீழே ஒரு ரப்பர் புஷ் கட கடவென்கிறது, அதுவும் தாங்கும். பேட்டரியைச் சோதித்து மாற்றச் சொன்னார். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, பச்சைத் தண்ணீர், குழாய், பிரேக் கட்டை, பிரேக் எண்ணெய், பேட்டரி, எல்லாம் அன்றைக்கே மாறியது. நான் சனிக்கிழமை சொன்ன வரிசையில் கிட்டத்தட்ட ஒன்றும் தப்பவில்லை. மாப்பிள்ளை காதில் விழும்படி அதை ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

எல்லாம் முடிகிற நேரத்தில் போர்மன் டயரைக் காலால் தட்டினார்.

"அண்ணே, டயர் எப்படி? பாக்கவா?"

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. டயரில் இருக்கும் வெட்டுக்கோலத்தை மலாயில் பூ என்பார்கள், நாங்களும் பூ என்றுதான் சொல்வோம். பூ இருந்தால் டயர் நல்லது, பூ தேய்ந்தால் மொட்டை, மொட்டையானால் மாற்று. என் வாழ்நாள் முழுக்க டயர் சாத்திரம் அவ்வளவுதான். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். பூ ஆழமாக, கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருந்தது.

"பூ இருக்கு, விடு" என்றேன்.

மாப்பிள்ளையும் பெருமையாகத் தலையாட்டினார். அவர் வாங்கிவந்ததில் நான் குறை சொல்லாத ஒரே பாகம் அதுதான்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு நிலைகொள்ளவில்லை. நெல்வயலுக்கு நடுவே போகும் நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது. சூடேறவில்லை. ஆனால் வேகம் ஏறினால் எங்கிருந்தோ ஓர் உறுமல். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன், ஏற்றிக் கேட்டேன். அந்தக் கட கட புஷ்தான் என்று மனத்தைச் சமாதானப்படுத்தினேன். மனம் கேட்கவில்லை. மூன்றாம் தடவை சாவியை எடுத்தபோது மனைவி சொன்னாள், செவ்வாய்க்கிழமை தன்னைக் கூட்டிப்போக அதில் பெட்ரோல் மிச்சம் வையுங்கள் என்று.

திங்கள் காலை கோயிலில் காடிப் பூசை. பூசை போடாத வண்டியில் ஏற மாட்டேன் என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு, விடிந்ததும் வண்டியைத் துணிசோப்புப் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவினார். பூசைக்கு என்பதால் டயரைக்கூட விடவில்லை. கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. இதையும் நான் மறைக்கவில்லை, கழுவியது அவர்தான்.

கோயிலில் மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றியாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பழம் வைப்பது வீட்டுப் பெரியவன் வேலை. வலது முன்சக்கரத்துக்கு வைத்தேன். இடது முன்சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தபோது பழம் உருண்டு உள்பக்கம் போய்விட்டது. மண்டியிட்டுக் கையை விட்டேன். முகம் டயருக்கு ஒரு சாண் தூரத்தில்.

மினுமினுப்பு போயிருந்தது. வியாபாரி பூசியிருந்த கறுப்பு மெருகெல்லாம் சோப்பில் கரைந்து, டயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. பூவின் பள்ளத்துக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பக்கச் சுவரிலும் வெடிப்பு. நகத்தை வைத்து அழுத்தினேன், அமுங்கவில்லை. ஓடு மாதிரி இருந்தது.

ஒன்று சொல்லவா? எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ரப்பர் படிக்கத் தெரியும். மரத்திலிருந்து பாலாக வடிவதிலிருந்து, உறைந்து, தகடாகிப் புகைபோட்டுக் காய்வதுவரை பார்த்து வளர்ந்தவன். உயிர் போன ரப்பரை மடக்கினால் இப்படித்தான் வெடிக்கும், இதே சாம்பல்தான் பூக்கும். பக்கச் சுவரில் பொடியாக நான்கு எண் எழுதியிருக்கும் என்று எப்போதோ ஒரு டயர் கடையில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகளைக் கூப்பிட்டு, கடைசி இரண்டைப் படி என்றேன். படித்தாள். அது டயர் செய்த வருடம். வண்டியின் வயதுதான் டயருக்கும். எட்டு வருடமாக எங்கேயோ கொட்டகையில் நின்றே கிழடாகிப் போன டயர். ஓடாததால் பூ தேயவில்லை, அவ்வளவுதான்.

பூசாரி சூடத்தைக் கொளுத்திவிட்டார். நான் எழுந்து, வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன்.

மாப்பிள்ளை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கினார். கோயிலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"நேத்து நீங்கதானே மாமா, பூ இருக்கு விடுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு? பிரேக்கு, பேட்டரின்னு நீங்க சொன்ன எல்லாத்தயும் செஞ்சாச்சு. ஸ்கிரீன் ஒண்ணுதான் நான் கேட்டது. அதயும் நிறுத்தத்தானே இது?"

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. இரண்டு நாளாக நான் அவரை அந்தப் பாடு படுத்தியிருந்தேன். என் மனைவி கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியாது அவளால். அங்கிருந்தே சொன்னாள்:

"நேத்து விடுன்னவரும் நீங்கதான், இன்னைக்கு நிறுத்துன்னவரும் நீங்கதான். நாளைக்கு நான் யாரு பேச்சக் கேட்டு ஏறட்டும்?"

நாற்பது வருடமாக வண்டி விஷயத்தில் அவள் என்னைக் கேள்வி கேட்டதில்லை. உடைத்துச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"என் லோரி டயருக்கு வயசாவ நேரமே கெடைக்கலம்மா. ஆறு மாசத்துல பூ தேஞ்சிரும், கழட்டிப் போட்டுருவேன். பூவோட கெழடான டயர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். நேத்து சொன்னது தப்பு. இது வெடிச்சா, போற வேகத்துல ஒன்ன எந்த பிரேக்கும் காப்பாத்தாது."

தப்பு என்று நான் நாலு பேர் முன்னால் சொன்னதை அவர்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மாப்பிள்ளை டயரிடம் போய்க் குனிந்தார். தன் நகத்தையும் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துத் திரைக்காரனைக் கூப்பிட்டு, இன்றைக்கு வரவில்லை என்றார்.

பூசாரிதான் ஒரு சிக்கல் வைத்தார். வைத்த பழத்தை நசுக்காமல் எடுக்கக் கூடாதாம். சரி என்று அங்கேயே மெல்ல நசுக்கினோம். கிழட்டு டயருக்குப் பூசை போட்டு என்ன புண்ணியம் என்று என் மனைவி முணுமுணுத்து, பூசாரியிடம் இன்னும் நாலு பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மகள் வேறொருவர் காடியில் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வர, நானும் மாப்பிள்ளையும் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டிச் சுங்கை பெசார் டயர் கடைக்குப் போனோம். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்கள் ஹார்ன் அடித்துத் தள்ளின. மாலை போட்ட வண்டி ஊர்ந்தால் சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவைத்துக் கேட்டேன். மெதுவாகப் போனதில் அந்த உறுமல் விட்டு விட்டுத் தட்டலாகக் கேட்டது, எந்தச் சக்கரம் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, பின் இடது.

டயர்க் கடைக்காரர் மலாய்க்காரர், நிதானமான ஆள். ஒவ்வொன்றாகக் கழற்றினார். பின் இடது டயரைக் கழற்றி உருட்டிக் கொண்டுவந்து, உள்பக்கச் சுவரை எங்களுக்குக் காட்டினார். கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே கம்பி விட்டுப் பிரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, போர்மனுக்கும் தெரிந்திருக்காது. இதில் எவ்வளவு தூரம் போக நினைத்தீர்கள் என்று மலாயில் கேட்டார். கோல சிலாங்கூர் என்றேன். அவர் வீக்கத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் அமுக்கிவிட்டு அதை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

மாப்பிள்ளை வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து கொடுத்தார். சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிற மாதிரியே.

புது டயர் நான்கும் மாட்டியதும் என் மனைவி பையைத் திறந்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம் கொடுத்தார். பழத்தை நான்தான் வைத்தேன். இந்தத் தடவை ஒன்றும் உருளவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்து நிமிடம் முன்னாலேயே. நான்கு மணி நேரமும் நான் வாகன நிறுத்தத்தில் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இனி பார்க்க ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் சுற்றினேன். திரும்பி வரும்போது அவள் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். இயந்திரத்திலிருந்து இறங்கி வரும் நாளில் வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளைதான் ஓட்டினார். தொண்ணூறைத் தாண்டவில்லை. உறுமல் போயிருந்தது.

அன்று மாலையே மகள் கைபேசியில், குடும்பத்துக் குழுவில் ஒரு படம் போட்டாள். புது டயர் நான்கு, பக்கத்தில் மாப்பிள்ளை. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவளையே படிக்கச் சொன்னேன். அம்மாவின் பயணத்துக்காகப் பார்த்துப் பார்த்து எல்லாம் செய்த என் கணவருக்கு நன்றி, என்று படித்தாள். சித்தப்பா பெரியப்பா மக்கள் எல்லாரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். பினாங்கிலிருந்து ஒருவன், மாமா கொடுத்துவைத்தவர் என்று எழுதியிருந்தான். நான் என்ன கொடுத்து வைத்தேன்? குனிந்து பழம்தான் வைத்தேன்.

டயரைப் பார்த்தது யார் என்று கேட்டதற்கு மகள், யார் பார்த்தால் என்னப்பா, அம்மா நன்றாகப் போய்வந்தார்களே என்றாள். மாப்பிள்ளை கதவருகே நின்று, "நான் கழுவலன்னா மெருகே போயிருக்காது, மாமா" என்றார், பாதிச் சிரிப்பாக.

அதனால் இங்கே எழுதுகிறேன். கழுவியது மாப்பிள்ளை. அதை எழுதுகிறேன். திரையை விட்டுக்கொடுத்ததும் அவர்தான், அதையும் எழுதுகிறேன். பூ இருக்கு விடு என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது நான். அதைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த டயரின் முன்னால் மண்டிபோட்டு, நகம் வைத்து, அதற்கு உயிரில்லை என்று கண்டு, எரிகிற சூடத்துக்கு முன்னால் நிறுத்து என்று சொன்னது யார்? என் மனைவி தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்ததில் ஒரு பங்கு என்னுடையது. மகளே, அந்தப் படத்தை எடுக்க வேண்டாம். அதன் கீழே ஒரு வரி சேர். டயரைக் கண்டுபிடித்தது அப்பா என்று சேர். எல்லாரும் பார்க்கிற அதே இடத்தில், இன்றைக்கே.